தேய்ந்த பிரேக்கும் தேயாத உரிமையும்

மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதத்து மாலை. நெய்யாற்றின்கரையில் அலுவலை முடித்துக்கொண்டு பாறசாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அமரவிளைப் பாலத்தைக் கடந்து உதியன்குளங்கரையை நெருங்கும்போது முன்னே சென்ற பேருந்து நிறுத்தத்தில் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்க வந்த பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு முன்னால், ஏறத்தாழ ஒரு முழத் தொலைவில், அது ஒருவாறு நின்றது. அவள் குடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். என் கைநடுக்கம் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அந்தக் காரை நான் வாங்கிப் பதினொரு மாதங்களே ஆகியிருந்தன. ஓடியிருந்த தூரம் 13,400 கிலோமீட்டர். மறுநாள் விற்பனையாளரின் பணிமனையில் வண்டியை விட்டேன். முன்சக்கரங்களின் பிரேக் பேடுகள் முற்றிலும் தேய்ந்து, டிஸ்குகளிலும் வரிவரியாகக் கீறல் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். மொத்தச் செலவு 11,800 ரூபாய். “உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லையே?” என்று கேட்டேன். “பிரேக் பேடு தேய்மானப் பொருள் சார், அதற்கு வாரண்டி கிடையாது” என்றார் மேற்பார்வையாளர். நானும் மறுபேச்சின்றி பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். கணக்குப் புத்தகத்தோடு இருபது ஆண்டுகளாகப் பழகுகிற நான் அன்று செய்த பிழைகள் ஒன்றல்ல, மூன்று. அவற்றை நம் வாடிக்கையாளர்கள் எவரும் செய்யக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

தேய்மானமா, குறைபாடா?

முதலில் விற்பனையாளர் தரப்பு நியாயத்தைப் பார்ப்போம். பிரேக் பேடு, கிளட்ச் தட்டு, டயர், வைப்பர் ரப்பர் போன்றவை உரசி உரசித் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே எல்லா நிறுவனங்களின் உத்தரவாதப் பத்திரங்களும் இயல்பான தேய்மானத்தை விலக்கியே வைத்திருக்கின்றன. வாகனக் காப்பீடும் அப்படியே. விபத்தில் உடைந்தால் இழப்பீடு உண்டு, தேய்ந்து போனால் இல்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பத்திரத்தில் உள்ள சொல் ‘இயல்பான தேய்மானம்’ என்பதாகும். தேய்மானம் இயல்பானதாக இல்லாதபோது, அதற்குக் காரணமான வேறொரு பாகத்தில் குறை இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. சாதாரணமாக ஓட்டப்படும் சிறு காரின் முன்பக்கப் பேடுகள் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உழைப்பது வழக்கம். நெரிசலிலும் மலைச்சாலையிலும் ஓடும் வண்டிக்கு இது குறையும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் வண்டிக்குக் கூடும். எனவே கிலோமீட்டர் கணக்கு மட்டும் சான்றாகிவிடாது. ஓட்டுநர் பிரேக்கை ஓயாமல் மிதித்தார் என்று நிறுவனம் எளிதில் சொல்லிவிடலாம். தேய்ந்த விதம்தான் உண்மையைச் சொல்லும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் இஞ்சிவிளைப் பக்கம் சிறு பணிமனை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். முதல் பழுதுக்கு எட்டு மாதங்களுக்குப் பின், வண்டி 22,000 கிலோமீட்டரைத் தொட்டபோது, அதே ஓசை மீண்டும் கேட்டது. இம்முறை நேரே விற்பனையாளரிடம் போகாமல் அவரிடம் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றி விளக்குப் பிடித்துப் பார்த்தவர், “சாரே, உள்ள இருக்க பேடு மட்டும் தீந்து போச்சு, வெளிய உள்ளது பாதி கெடக்கு. இது நீங்க சவுட்டுனதுனால வந்தது இல்ல” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எளியது. டிஸ்கின் இருபுறமும் ஒவ்வொரு பேடு இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது காலிப்பர் என்னும் கவ்வி இரண்டையும் ஒரே அளவில் அழுத்தவேண்டும். காலை எடுத்ததும் விட்டுவிடவேண்டும். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் முளைகள் இறுகிப்போனால் உட்புறப் பேடு மட்டும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுநரின் கால் எவ்வளவு கனமானதாயினும் இருபுறமும் ஒருசேரத்தான் தேயும். ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் காலைக் குறைகூறுவதற்கில்லை, கருவியைத்தான் ஆராயவேண்டும். ஒரு எச்சரிக்கை: வெளி மெக்கானிக்கிடம் பார்க்க மட்டுமே சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்தில் அவர் ஏதேனும் பாகத்தை மாற்றிவிட்டால், அதையே காரணமாகக் காட்டி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமுண்டு.

சட்டம் தரும் வழிகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. கார் விவகாரத்தில் இச்சட்டம் இரு வழிகளைத் திறந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

முதல் வழி, ‘பொருளில் குறைபாடு’ என்ற புகார். தரத்திலோ செயல்திறனிலோ குறை இருப்பது மெய்ப்பிக்கப்பட்டால், குறையை நீக்கித் தரவும், பாகத்தை அல்லது பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். காலத்துக்கு முந்திய பிரேக் பழுதுக்கான செலவைக் கேட்பவர் செல்லவேண்டிய வழி இதுவே.

இரண்டாம் வழி, புதிய சட்டம் சேர்த்த ‘உற்பத்திப் பொருள் பொறுப்பு’ என்னும் அத்தியாயம். குறைபாடுள்ள பொருளால் உயிருக்கோ உடலுக்கோ பிற உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குவது இது. அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதத்தை இந்த அத்தியாயம் ‘தீங்கு’ என்று கொள்வதில்லை. அன்று அந்தச் சிறுமிக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் பேச்சு இந்த வழியில் போயிருக்கும். பேடு விலை மட்டும் கேட்பவருக்கு இது பொருந்தாது.

புகாரை யார் தரலாம்? சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்கிய எவரும் தரலாம். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர். ஆயினும் சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விலக்களிக்கிறது. கால வரம்பு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதிடலாம். பொருளுக்காகச் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் அந்த விலையைப் பொறுத்ததே. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள்ளும், பொருளைச் சோதிக்க நேர்ந்தால் ஐந்து மாதங்களுக்குள்ளும் முடிவுகாண முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிடக் கூடுதல் காலம் ஆவதுண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

எல்லை இனித் தடையல்ல

இவ்விடத்தில் எங்கள் பகுதியைப் பற்றிச் சில சொற்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிறவர் ஒரு மாநிலத்தைக் கடந்ததை உணராமலே கடந்துவிடுவார். வீடு இப்புறம், தோட்டம் அப்புறம். மகளைக் கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில், மகன் வேலைபார்ப்பது திருவனந்தபுரத்தில் என்று வாழ்கிற குடும்பங்கள் எங்கள் கிளையில் ஏராளம். பதிவெண்தான் பாறசாலைக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்குக் கே.எல். 20, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75 என்று பிரிகிறதே தவிர, வண்டியை எங்கே விலை சகாயமோ அங்கே வாங்குகிறார்கள்.

பழைய சட்டத்தில் இது ஒரு சங்கடமாக இருந்தது. எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடுக்க முடியும். நாகர்கோவிலில் வாங்கிய காருக்குப் பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கே அலையவேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலைசெய்யும் இடத்திலோ புகார் தரலாம் என்று வழிசெய்துள்ளது. கார் தயாரிக்கப்பட்டது எந்த மாநிலத்தில் ஆயினும், விற்கப்பட்டது எல்லைக்கு எந்தப்புறம் ஆயினும், நெய்யாற்றின்கரை தாலுகாவில் வசிப்பவர் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். களியக்காவிளையில் வசிப்பவர் நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். இணைய வழியாகவும் புகாரைப் பதியலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தால், அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் பெற்றுத் தர முயல்வார்கள். வசதியற்றவர்களுக்கும் பெண்களுக்கும் தாலுகா அளவிலுள்ள சட்டப் பணிகள் குழு இலவச உதவி அளிக்கிறது.

தீர்ப்புகள் சொல்லும் பாடம்

கோபத்தில் முதலில் தோன்றுவது, “புது வண்டி கொடு, அல்லது பணத்தைத் திருப்பு” என்பதுதான். எனக்கும் அப்படியே தோன்றியது. ஆனால் 2006-இல் மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், கிளட்ச் கோளாறுக்காக முழு வாகனத்தையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உத்தரவாத நிபந்தனைப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை என்றது. 2010-இல் ஃபியட் கார் பற்றிய வழக்கிலோ, நடுநிலையான தொழில்நுட்ப வல்லுநர் வண்டியை ஆராய்ந்து உள்ளார்ந்த உற்பத்திக் குறை உண்டெனக் கண்டால், விலையை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் வழிவகுத்தது. கோரிக்கை குறையின் அளவுக்குப் பொருந்தவேண்டும். குறை வல்லுநர் கண்ணில் படவேண்டும். இவ்விரண்டே அத்தீர்ப்புகளின் சாரம்.

எவரை எதிர்த்து என்பதும் முக்கியம். 2021-இல் டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கில், பழைய ஆண்டு வண்டியைப் புதியதென்று விற்ற விற்பனையாளரின் செயலுக்கு, அதை அறிந்திராத உற்பத்தியாளர் பொறுப்பாகார் என்று தீர்ப்பாயிற்று. விற்பனையாளரின் சேவைக் குறையும் உற்பத்தியாளரின் பொருட்குறையும் வேறுவேறு. ஆகவே புகாரில் இருவரையும் சேர்த்து, ஒவ்வொருவர் செய்த தவறு என்ன என்பதைத் தனித்தனியே எழுதவேண்டும்.

நுகர்வோருக்கு நம்பிக்கை ஊட்டும் தீர்ப்பும் உண்டு. 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா 2017-இல் விபத்துக்குள்ளானபோது முன்பக்க ஏர்பேக்குகள் விரியவில்லை. அவை விரியுமளவுக்கு மோதல் வேகம் இருந்ததா என்ற வாதம் எழுந்தது. மோதலின் விசையைக் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் வல்லுநராக இருக்கவேண்டியதில்லை என்ற கருத்தோடு, இழப்பீட்டை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பிரேக் பேடுக்கே நிகழ்ந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உள்ளது. 2008 முதல் 2010 வரையிலான ஹோண்டா அக்கார்டு கார்களின் பின்பக்கப் பேடுகள் விரைவில் தேய்வதாக உரிமையாளர்கள் கலிஃபோர்னியாவில் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2010-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, பழுதுக்குச் செலவிட்ட தொகையின் ஒரு பகுதி, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, உரிமையாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. ஒரே நலன் கொண்ட பல நுகர்வோர் சார்பில் ஒருவர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் தர நம் சட்டத்தின் 35-ஆம் பிரிவும் இடமளிக்கிறது.

என் கோரிக்கை என்னவாயிற்று?

இரண்டாம் முறை நான் கவனமாக இருந்தேன். மெக்கானிக் காட்டிய இரு பேடுகளையும் அருகருகே வைத்து, அளவுகோலோடு படமெடுத்தேன். ஓடோமீட்டரையும் படமெடுத்தேன். விற்பனையாளரின் பணிமனையில் ஜாப் கார்டில் ‘பேடு மாற்றுதல்’ என்று எழுதப் போனவரைத் தடுத்து, ‘22,000 கிலோமீட்டரில் இரண்டாம் முறை, உட்புறப் பேடு மட்டும் தேய்வு, காலிப்பரைச் சோதிக்கக் கோரிக்கை’ என்று எழுதச் செய்த பிறகே கையொப்பமிட்டேன். அவர்கள் கேட்ட 5,400 ரூபாயை, ஆட்சேபத்தோடு செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டினேன். கழற்றிய பாகங்களை ஒரு பையில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் சென்றது. வசைச்சொல் ஒன்றும் இல்லை. தேதி, தூரம், தொகை, படம், கோரிக்கை என ஐந்து பத்திகள். ‘தேய்மானப் பொருள்’ என்ற பழைய பதிலே வந்தது. 1915-இல் பதிந்தேன். முப்பது நாள் அவகாசம் கொடுத்து, அதன்பின் திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தை அணுகுவேன் என்று அறிவிப்பும் அனுப்பினேன். அவகாசம் முடிய ஒரு வாரம் இருக்கையில் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். ‘நல்லெண்ண அடிப்படையில்’ முன்பக்கக் காலிப்பர்கள் இரண்டையும் கட்டணமின்றி மாற்றி, 5,400 ரூபாயையும் திருப்பித் தந்தார்கள்.

முதல் முறை கட்டிய 11,800 ரூபாய் திரும்பவில்லை. காரணம், முன்னே சொன்ன மூன்று பிழைகள். ஜாப் கார்டில் என் குறையை எழுதச் செய்யாமல், ‘வாடிக்கையாளர் விருப்பப்படி பேடு மாற்றம்’ என்றிருந்ததில் படித்துப் பாராமல் கையொப்பமிட்டேன். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கவில்லை. மறுப்பை எழுத்தில் பெறவில்லை. அந்தத் தேய்வும் ஒருபுறத் தேய்வுதான் என்று இன்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை ரசீது ஆகாது. அந்தத் தொகைக்காக வழக்காடினால் என் கையில் காட்ட ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

காலிப்பர் மாறியபின் வண்டி இன்னும் 30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதே சாலை, அதே கால். பேடுகள் மாற்றப்படவில்லை.

நம் வாடிக்கையாளர்களுக்குச் சில சொற்கள்

“வண்டியே சரியில்லை, நான் ஏன் தவணை கட்டவேண்டும்?” என்று கிளைக்கு வந்து கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனவேதனை நியாயமானதே. ஆனால் கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலானது. தவணையை நிறுத்தினால் நிறுவனத்துக்கு நட்டமில்லை. உங்கள் கடன் மதிப்பெண்தான் குறையும், அபராதமும் ஏறும். தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துங்கள்.

வண்டி வாங்கிய நாளிலேயே ஒரு கோப்பைத் தொடங்குங்கள். விலைப் பட்டியல், உத்தரவாதப் பத்திரம், ஒவ்வொரு சர்வீஸ் ரசீது, ஜாப் கார்டு நகல், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை அதில் இருக்கட்டும். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாதவரின் கோரிக்கை முதல் படியிலேயே விழுந்துவிடும். பணிமனைக்குப் பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள். ரசீது தொலைந்தாலும் கணக்கு அறிக்கை பேசும்.

மேலும், பிரேக் சம்பந்தப்பட்ட குறையை உங்கள் சொந்தச் செலவுக் கணக்காக மட்டும் கருதாதீர்கள். ஒரே குறை பல வண்டிகளில் இருந்தால் நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதுண்டு. பிரேக் வெற்றிடக் குழாயைச் சோதிப்பதற்காக 2018-இல் 52,686 ஸ்விஃப்ட், பலேனோ கார்களையும், பின்பக்க பிரேக் அமைப்பின் ஒரு முளைக்காக 2022-இல் 9,925 கார்களையும் மாருதி சுசுகி அவ்வாறு அழைத்தது. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிடும் அதிகாரமும் 2021 ஏப்ரல் முதல் அரசுக்கு விதிகளின்படி உண்டு. எத்தனை உரிமையாளர்கள் புகார் பதிகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த அதிகாரம் இயங்கும். மௌனமாகப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

எனக்குத் திரும்பக் கிடைத்தது 5,400 ரூபாயும் இரண்டு காலிப்பர்களும். செலவான நேரத்தை எண்ணினால் இலாபமென்று சொல்ல முடியாது. ஆனால் முதல் முறையே வாய்திறந்து கேட்டிருந்தால், பழுதான காலிப்பரோடு இன்னும் எட்டு மாதங்கள் உதியன்குளங்கரைப் பேருந்து நிறுத்தத்தைக் கடந்து போயிருக்கமாட்டேன். அந்த எட்டு மாதங்களை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.